துபாய் போற பிள்ளைக்கு நாம சொல்லி அனுப்ப வேண்டியது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவி அக்கா எனக்குக் கொடுத்த தலைப்பு "வெளிநாடு செல்வோர் குடும்பங்களின் கவனத்திற்கு". ஏஜெண்டு, விசா, ஒப்பந்தம் பற்றியெல்லாம் போன கூட்டத்தில் பேசியாச்சு. அதனால் நான் இன்னைக்கு வேற ஒண்ணு எடுத்துக்கிறேன். புதுசா துபாயில் போய் இறங்குற ஒரு பிள்ளை, அங்கே தானம் தர்மம் எப்படிச் செய்யணும், அடுத்தவங்க கொடுத்தா எப்படி வாங்கணும், எதைச் செய்யவே கூடாது. இதுதான் விஷயம்.

"தர்மம் பண்றதுக்குக் கூடவா பாடம்?"னு பின்வரிசையில ரெண்டு அம்மா சிரிக்கிறது எனக்குத் தெரியுது. 2022 வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வருஷம் நான் செய்த ஒரு தப்பை முதல்ல சொல்லிடறேன். அதைச் சொல்லாம மத்ததைப் பேசினா எனக்கே கூச்சமா இருக்கும்.

நம்ம குழு ஒன்றில் ஒரு உறுப்பினரோட பிள்ளைக்கு, ஆறு வயசு, இதயத்தில் ஓட்டை என்று சொன்னார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் மூன்றரை லட்சம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது. நான் என்ன செஞ்சேன்? பிள்ளை போட்டோ, தாயோட வங்கிக் கணக்கு எண், "வெளிநாட்டில் வாழும் நம் மண்ணின் மைந்தர்களே" என்று உருக்கமா ஒரு செய்தி, எல்லாத்தையும் செல்போனில் அடிச்சேன். அதே ஊர்க் குழுவின் பொருளாளர் மகன் துபாய் போய் அஞ்சு மாசம் ஆகியிருந்தது. சாரம் கட்டுற வேலை. அவனுக்கு அனுப்பி, "தம்பி, அங்க நம்ம பக்கத்துப் பசங்க எல்லார்கிட்டயும் வசூல் பண்ணி அனுப்புப்பா"ன்னு சொன்னேன்.

அவன் நல்ல பையன். சொன்னதை அப்படியே செஞ்சான். மூணு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். கேம்ப்பில் ஒரு நோட்டு வாங்கி, ரூம் ரூமாகப் போய் பேர் எழுதி, பத்து திர்ஹாம் இருபது திர்ஹாம் என்று வாங்க ஆரம்பிச்சான். ரெண்டாம் நாள் ராத்திரி கேம்ப் பொறுப்பாளர் கூப்பிட்டு நோட்டைப் பிடுங்கிக்கிட்டார். மறுநாள் கம்பெனி ஆபீஸில் நிற்க வைத்து, "உனக்கு வசூல் பண்ண யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வைத்து, குரூப்பில் போட்டதை எல்லாம் அழிக்கச் சொல்லி, இனி செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். போலீஸுக்குப் போகவில்லை. அது அவங்க பெருந்தன்மை.

இங்கே அவன் அம்மாவுக்குப் பதினோரு நாள் தூக்கம் இல்லை. என்னைப் பார்க்க வந்தவங்க கத்தவில்லை, திட்டவில்லை. "மேடம், நீங்க சொன்னதைத்தானே அவன் செஞ்சான்" என்று மட்டும் சொன்னாங்க. அடுத்த வருஷம் அவனுக்குச் சம்பளம் ஏறவில்லை. அது இதனாலயான்னு எனக்குத் தெரியாது. அவன் அம்மா இதனாலதான்னு நினைக்கிறாங்க.

அந்தப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை எப்படி நடந்துச்சு தெரியுமா? நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், அரசு மருத்துவமனையில், பைசா செலவில்லாமல். நான் முதல் நாளே ஓட வேண்டிய இடம் அதுதான். சமூகப் பணியில் பட்டம் வாங்கின நான் அதை விட்டுட்டு ஒரு இருபத்தி மூணு வயசுப் பையனை வசூலுக்கு அனுப்பினேன்.

சரி, அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்லுது என்று பார்ப்போம்.

துபாயில் 2015-ல் ஒரு ஆணை போட்டாங்க. அறச்செயல்களைக் கவனிக்கிற அரசுத் துறையின் அனுமதி இல்லாமல் யாரும் நன்கொடை வசூலிக்கவும் கூடாது, வசூலுக்கு விளம்பரம் செய்யவும் கூடாது. பிறகு 2021-ல் ஐக்கிய அரபு நாடு முழுவதற்குமே சட்டம் வந்தது. துபாய், ஷார்ஜா, அபுதாபி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அதன்படி பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது அரசு அமைப்புகளும் உரிமம் பெற்ற தொண்டு நிறுவனங்களும் செய்கிற வேலை. தனி ஆள் செய்யக்கூடாது. அதே 2021-ல் வந்த இணையக் குற்றச் சட்டம், வாட்ஸ்அப், பேஸ்புக் மாதிரி இடங்களில் அனுமதி இல்லாமல் நன்கொடை கேட்டால் சிறை, அல்லது 2 லட்சம் திர்ஹாமில் இருந்து 5 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது ரெண்டுமே என்று சொல்லுது. ஒரு திர்ஹாம் நமக்கு இருபது ரூபாய்க்கு மேல். அப்போ 2 லட்சம் திர்ஹாம் என்றால்? ஆமாம்மா, நாற்பது லட்ச ரூபாய்க்கு மேல. சாரம் கட்டுற பையன் ஆயுசுக்கும் உழைச்சாலும் கட்ட முடியுமா?

இது நம்ம ஆட்களுக்கு மட்டும் போட்ட சட்டமும் இல்லை. 2016-ல் துபாயில் வசித்த ஒரு ஆஸ்திரேலிய நாட்டவர், பிரிட்டன் குடியுரிமையும் உள்ளவர், ஆப்கானிஸ்தான் அகதிகளுக்குக் கம்பளியும் தார்ப்பாயும் வாங்க ஒரு தொண்டு நிறுவனம் நிதி கேட்டதைப் பேஸ்புக்கில் பகிர்ந்தார். அவ்வளவுதான் செஞ்சது. அந்த நிறுவனம் அங்கே பதிவு பெற்றது கிடையாது. மூணு வாரம் போலக் காவலில் இருந்தார். வெள்ளைக்காரருக்கே அப்படி என்றால் நம்ம பிள்ளைக்கு என்ன என்று யோசிச்சுப் பாருங்க.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். அங்கே நோன்பு மாசத்தில் எல்லோரும் கை திறந்து கொடுப்பாங்க. அதை நம்பி விசிட் விசாவில் வந்து பிச்சை எடுக்கிற கூட்டமே உண்டு. நோயாளி போட்டோவைக் காட்டி ஏமாத்துறவங்க உண்டு. தர்மம்னு திரட்டின காசு எங்கெங்கோ போய் ஆயுதமாக மாறிடுமோன்னு அரசாங்கத்துக்குப் பயமும் உண்டு. அதனால் கொடுக்கிற காசு எல்லாம் கணக்கு உள்ள கை வழியாகத்தான் போகணும் என்று வைத்துவிட்டார்கள். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நம்ம குழுவில் ஊக்குநர் ரசீது போடாம, தீர்மானப் புத்தகத்தில் எழுதாம, வீடு வீடாகப் போய் சந்தா வாங்கினா நாம விடுவோமா? அந்த நாடே ஒரு பெரிய குழு மாதிரி நினைச்சுக்கோங்க.

இந்த இடத்தில் நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர் எழுந்து கேட்டாங்க: "அப்ப பக்கத்துக் கட்டில்காரன் காய்ச்சலில் கிடந்தாலும் பத்து ரூவா குடுக்கக் கூடாதா மேடம்?"

நல்ல கேள்விம்மா. கொடுக்கலாம். நீ சம்பாதிச்ச காசை, உனக்குத் தெரிஞ்ச மனுஷனுக்கு, உன் கையால் கொடுக்கிறதை யாரும் கேட்கப் போறதில்லை. கஞ்சி வச்சுக் கொடு, மாத்திரை வாங்கிக் கொடு, ஊருக்குப் போன் போட்டுக் கொடு. பத்துப் பேர்கிட்ட கேட்டு, பத்துப் பேர் காசை உன் கையில் வாங்கி வச்சுக்கிறதுதான் தப்பு. பிள்ளைக்கு ஒரே வரியில் சொல்லி அனுப்புங்க: "உன் காசைக் கொடு, ஊர்க் காசை வாங்காதே."

பெரிய கஷ்டம் வந்தா? விபத்து, ஆஸ்பத்திரி, சாவு? அப்போதுதான் நம்ம ஆட்களுக்கு முதலில் துண்டு ஏந்தத் தோணும். அதுக்கு முன்னால் இருக்கிற வழிகளைச் சொல்றேன், எழுதத் தெரிஞ்சவங்க எழுதிக்கோங்க. துபாயில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கு. அதோட சேர்ந்து பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையம் இருக்கு. அங்கே இருந்து கூப்பிட 80046342, கட்டணம் கிடையாது. தூதரகங்களில் 2009-ல் இருந்து இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று இருக்கு. வழியில்லாமல் மாட்டிக்கிட்டவருக்குத் தங்க இடம், டிக்கெட், அவசர மருத்துவம், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புறது, இதுக்கெல்லாம் தகுதியைப் பார்த்து அதில் இருந்து செலவு செய்வார்கள். இது பிச்சை இல்லை. நம்ம ஆளுங்க பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகும்போது கட்டுற கட்டணத்தில் சேர்ந்த காசுதான் அது. அப்புறம் இசிஆர் பாஸ்போர்ட்டில் போறவங்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். பாலிசி காகிதம் பெரும்பாலும் பையன் பெட்டியிலேயே போயிடுது. ஒரு நகல் உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கணும்.

இப்ப நான் வருத்தப்பட்டுச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அங்கே பிள்ளைங்க வசூலில் இறங்குறது பெரும்பாலும் தானாக இல்லை. நாம இங்க இருந்து தள்ளிவிடறோம்.

கோவில் கும்பாபிஷேகம் வருது. ஊர்க் கூட்டத்தில் முடிவு பண்றாங்க: உள்ளூர் வரி ரெண்டாயிரம், வெளிநாட்டு வரி பத்தாயிரம். அது கூடப் பரவாயில்லை, அவனவன் காசு. அதோட விடறாங்களா? "துபாயில் இருக்கிற நம்ம ஊர்ப் பசங்களுக்கு நீதான் பொறுப்பு"ன்னு ஒருத்தனைத் தலைவனாகப் போட்டு, ரசீதுப் புத்தகத்தையே லீவில் வந்தவன் பெட்டியில் வச்சு அனுப்பறாங்க. நான் கண்ணால் பார்த்திருக்கேன், அச்சடிச்ச ரசீதுப் புத்தகம், நூறு ஓலை, மேலே அம்மன் படம். அதை வேட்டிக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் வச்சுக் கட்டியது அவன் மனைவி. அது எவ்வளவு பெரிய ஆதாரம் என்று அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. பாவம், பிரசாதம் மாதிரி நினைச்சு வச்சிருக்கு.

மஞ்சுவிரட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா, உரூஸ், தேர்த் திருவிழா, எல்லாத்துக்கும் இதே கதைதான். மதம் பார்த்து நான் சொல்லலை. கமிட்டிக்காரர் குரல் பதிவு அனுப்புவார்: "மாப்ள, இந்த வாரத்துக்குள்ள முப்பது பேர் காசு வந்தாகணும்." பையன் ஊர் மானத்துக்குப் பயந்து செய்வான். அவன் மாட்டினா கமிட்டிக்காரர் அபராதம் கட்டுவாரா? ஊர் வந்து வேலை வாங்கித் தருமா?

இதை நிறுத்துறது நம்ம கையில் இருக்கு. ஊர்க் கூட்டத்தில் நம்மைப் பேச விடறது இல்லைன்னு சொல்லுவீங்க. சரி, பெட்டி கட்டுறது யார்? நாமதானே. ரசீதுப் புத்தகத்தை எடுத்து வெளியே வைங்க. மாமனார் கோவிச்சுக்கிட்டா, "மாமா, நாற்பது லட்சம் அபராதமாம், நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, அனுப்பி வைக்கிறேன்"னு சொல்லுங்க. அதுக்கு மேல பேச மாட்டார்.

கோவிலுக்குக் கொடுக்க வேண்டாம்னு நான் சொல்லலை. ஒவ்வொருத்தனும் அவனவன் சம்பளத்தில் இருந்து, அவனவன் வீட்டுக்கு, வங்கி மூலமாகவோ முறையான பண அனுப்பு நிலையம் மூலமாகவோ அனுப்பட்டும். வீட்டில் இருக்கிற நீங்க கமிட்டியில் கட்டி, அவன் பேருக்கு ரசீது வாங்குங்க. கல்வெட்டில் பேர் வரணும்னா அப்பவும் வரும். இதில் இன்னொரு சட்டச் சிக்கலும் தீருது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் நம்ம நாட்டுச் சட்டம் அதை வெளிநாட்டு நன்கொடையாக எடுத்துக்காது. கூட வேலை பார்க்கிற பாகிஸ்தான்காரர், பிலிப்பைன்ஸ்காரர் ஆசையாகக் கொடுத்ததையும் சேர்த்து அனுப்பினால் அது வேற கணக்கு. அதுக்கு மத்திய அரசிடம் அனுமதி வாங்கின அமைப்பாக இருக்கணும். நம்ம ஊர்க் கோவில் கமிட்டிக்கு அதெல்லாம் ஏது?

இதுவரைக்கும் சொன்னது கூடாது கூடாது என்பது. இப்போ வாங்குறதைப் பற்றிச் சொல்றேன். புதுசா போனவன் முதல் ரெண்டு மாசம் கொடுக்கிற நிலையில் இருக்க மாட்டான், வாங்குற நிலையில்தான் இருப்பான். அதை நாம யாரும் சொல்லிக் கொடுக்கிறது இல்லை.

பரமக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் எனக்குச் சொன்னது. போன முதல் மாசம் சம்பளம் வரலை. ஏஜெண்டுக்குக் கடன். கையில் இருந்தது மெஸ்ஸுக்குப் பத்தலை. அப்போ நோன்பு மாசம். கேம்ப் பக்கத்துப் பள்ளிவாசல் வாசலில் தினமும் சாயங்காலம் நீளமாகப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, பேரீச்சம்பழம், தண்ணீர், பழம், மோர், பிரியாணி வைக்கிறாங்க. இவன் தூரத்தில் நின்னு பார்த்துட்டு ரூமுக்குப் போய் குப்பூஸைத் தண்ணியில் நனைச்சுத் தின்னிருக்கான். ஏன்னா அவன் அம்மா சொல்லி வளர்த்தது, "ஓசிச் சோறு திங்காதே". அதோட நாம இந்துவாச்சே, விடுவாங்களா என்ற சந்தேகம் வேற. ஒன்பதாவது நாள் ஒரு வங்காளதேசத்துப் பெரியவர் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சார். யாரும் பேர் கேட்கலை, மதம் கேட்கலை.

நம்ம ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊத்தும்போது நாம தூக்குவாளி எடுத்துட்டுப் போறோமே, யாராவது அதைப் பிச்சைன்னு சொல்றோமா? அதேதான் அங்கேயும். துபாயில் தேரா பகுதியில் நம்ம தமிழ் முஸ்லிம்களே பல வருஷமா நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாங்க. நோன்பு திறக்க வைக்கிறது அவங்களுக்கு நன்மை. நாம போய் உட்கார்றது அவங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனா உட்கார்ற முறை இருக்கு. பாங்கு சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயே போய் வரிசையில் உட்காரணும். பக்கத்தில் உள்ளவர் நாள் பூரா தண்ணி கூடக் குடிக்காம இருப்பார். பாங்கு சொல்லி அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கிற வரைக்கும் நாமும் தொடக்கூடாது. வலது கையால் வாங்கணும், வலது கையால் சாப்பிடணும். ரெண்டாவது பொட்டலத்தைச் சட்டைக்குள்ள சொருகக் கூடாது. ரூமில் உடம்பு முடியாத ஆள் இருந்தா வெளிப்படையாகக் கேட்டு வாங்கலாம், கொடுப்பாங்க. சாப்பிட்டு முடிச்சதும் அவங்க தொழுகைக்கு உள்ளே போயிடுவாங்க. அப்போ நம்ம பிள்ளை எழுந்து நாலு தட்டை எடுத்துப் போட்டு, விரிப்பைச் சுருட்ட ஒரு கை கொடுக்கட்டும். அந்தத் தம்பி பத்தாவது நாளில் இருந்து அதைத்தான் செஞ்சான். "அதுக்கப்புறம் எனக்குக் கூச்சம் போயிருச்சு அக்கா"ன்னு சொன்னான். அதே மாசத்தில் பகல் நேரத்தில் நோன்பாளிகள் முன்னால், ரோட்டில், பஸ்ஸில் நின்று தின்பதும் குடிப்பதும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லி அனுப்புங்க.

ஜெபல் அலி பகுதியில் 2012-ல் திறந்த சீக்கியர்களின் குருத்துவாரா இருக்கு. அங்கேயும் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. தலையில் துணி கட்டிக்கணும், கால் கழுவிட்டுப் போகணும், தரையில் சமமாக உட்காரணும், ரொட்டியை ரெண்டு கையும் ஏந்தி வாங்கணும். தட்டில் வாங்கினதை மிச்சம் வைக்கக் கூடாது. கையில் காசு இருந்தா உண்டியலில் போடலாம், இல்லைன்னா பாத்திரம் கழுவலாம். ரெண்டுக்கும் அங்கே ஒரே மரியாதை. 2022-ல் அதுக்குப் பக்கத்திலேயே பெரிய இந்துக் கோவிலும் திறந்தாங்க. காணிக்கை போடணும்னு நேர்ந்துக்கிட்டா அங்கே உண்டியலில் போடட்டும், அது முறையான இடம்.

சம்பளம் வர ஆரம்பிச்சதும் கொடுக்கணும்னு தோணும். தோணட்டும். கடைகளிலும் வணிக வளாகங்களிலும் எமிரேட்ஸ் செம்பிறைச் சங்கம், தார் அல் பிர், பைத் அல் கைர் மாதிரி உரிமம் பெற்ற சங்கங்களின் பெட்டிகள் இருக்கும். ஒரு திர்ஹாம் போட்டாலும் போதும். மேஜையில் ஆள் உட்கார்ந்து வாங்கினா ரசீது கேட்டு வாங்கணும். அது அவங்களை அவமதிக்கிறது ஆகாது, கேட்டால் சந்தோஷமாகவே கொடுப்பாங்க.

நோன்பு மாசத்தில் சில தெருக்களில் பொதுக் குளிர்பெட்டி வைப்பாங்க. யார் வேணும்னாலும் வைக்கலாம், யார் வேணும்னாலும் எடுக்கலாம். அதில் பாட்டில் தண்ணீர், மோர், பழச்சாறு, கழுவின பழம், பிரிக்காத பிஸ்கட், தேதி தாண்டாத பொட்டலம் இதெல்லாம் வைக்கலாம். ரூமில் மிஞ்சின மீன் குழம்பை டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. நல்ல எண்ணம்தான், ஆனா அங்கே வெயில் என்ன வெயில்! ஒருத்தருக்கு வயித்தால போனா புண்ணியம் எங்கே போகும்? அதே மாதிரி, கேம்ப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் பந்தல் போட்டுப் பிரியாணி கொடுக்கணும்னாலும் அனுமதி வாங்கித்தான் செய்யணும்.

துணிக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. போடறதைத் துவைச்சு மடிச்சுப் பையில் கட்டிப் போடணும், செருப்பை ஜோடியாகக் கட்டிப் போடணும், உள்ளாடை போடக்கூடாது. நாம உடுத்தத் தயங்குற துணியை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று நம்ம பாட்டிமார் சொல்வாங்களே, அதேதான். அந்தப் பெட்டியில் இருந்து யாரும் எடுக்கவும் கூடாது, அது திருட்டு.

போட்டோ. இதை அழுத்திச் சொல்றேன். சாப்பாடு வாங்குறவரை, கொடுக்கிறவரை, யாரையும் கேட்காம படம் பிடிச்சு ஸ்டேட்டஸில் போடக் கூடாது. அந்த நாட்டில் அனுமதி இல்லாமல் ஒருத்தரைப் படம் பிடிச்சுப் போடறதே குற்றம். குற்றம் இல்லைன்னாலும் செய்யலாமா? வெள்ளம் வந்தப்போ அரிசி வாங்க வரிசையில் நின்ன நம்ம பெண்களைப் படம் எடுத்துப் பேனரில் போட்டாங்களே, அப்போ நமக்கு எப்படி இருந்துச்சு?

தெருவில் யாராவது வந்து "பர்ஸ் தொலைஞ்சு போச்சு, பெட்ரோல் இல்லை, பிள்ளைக்குப் பால் வேணும்"னு கேட்டா? இரக்கப்பட்டு நிற்காம நகர்ந்துடணும். அங்கே பிச்சை எடுத்தா 5,000 திர்ஹாம் அபராதமும் 3 மாதம் வரை சிறையும் உண்டு. நிஜமாகக் கஷ்டப்படுறவராகத் தெரிஞ்சா தூதரக மையத்தின் எண்ணைச் சொல்லலாம். ஏமாத்துறவராகத் தெரிஞ்சா துபாய் போலீஸின் 901-க்குச் சொல்லலாம். நம்ம பிள்ளைக்கே சம்பளம் வராம கையில் காசு இல்லைன்னாலும் ரோட்டில் போய்க் கேட்கிற வழி மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டு வேலைக்குப் போற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெருநாள் அன்னைக்கு வீட்டு மேடம் காசு கொடுப்பாங்க, புடவையோ கைப்பையோ கொடுப்பாங்க. வாங்கிக்கோங்க. வலது கையால் வாங்கி "ஷுக்ரன்" சொல்லுங்க, அதுதான் அவங்க பாஷையில் நன்றி. மூணு தடவை வேண்டாம்னு சொல்றது நம்ம ஊர் மரியாதை, அங்கே அது கொடுக்கிறவங்க மனசை நோகடிக்கும். ஆனா நகை, செல்போன், கைக்கடிகாரம் மாதிரி விலை உயர்ந்த பொருள் என்றால், "மேடம், நீங்க கொடுத்ததுன்னு போனில் ஒரு வரி அனுப்புங்க"ன்னு பணிவாகக் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. பின்னாடி ஒரு நாள் மனஸ்தாபம் வந்தால் கொடுத்ததே காணாமப் போனதாக மாறிவிடும். கொடுத்த அன்னைக்கு யாரும் அப்படி நினைக்கிறதில்லை, ஆனா மாறும். வீட்டில் மிஞ்சின சாப்பாட்டை வாட்ச்மேனுக்குக் கொடுக்கணும்னு தோணினாலும் கேட்டுட்டுக் கொடுங்க. சாப்பாடு அவங்களுடையது.

நேரம் ஆயிடுச்சு, டீ வந்துருச்சுன்னு சொல்றாங்க. கடைசியா அந்தப் பொருளாளர் மகன் பற்றிக் கேட்டீங்கல்ல? அதே கம்பெனியில்தான் இருக்கான். போன தை மாசம் லீவில் வந்தப்போ பார்த்தேன். அவங்க ஊர்க் கோவில் கமிட்டிக்காரர் வீட்டுக்கே வந்து நோட்டை நீட்டினார். இவன் தன் பங்கு பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்துட்டு, நோட்டை அவர் கையிலேயே திருப்பி வச்சுட்டான். அவர் முகம் சுருங்கிப் போச்சு. பக்கத்தில் நின்ன அவன் அம்மா, "ரசீது போட்டுட்டுப் போங்க அண்ணே"ன்னு மட்டும் சொன்னாங்க.

இந்த மாசம் பையன் கிளம்புற மூணு குடும்பம் இருக்கீங்க. நீங்க மட்டும் டீ குடிச்சிட்டுப் போகாம இருங்க. காப்பீட்டுப் பாலிசி நகல் எடுக்கணும், 80046342 எண்ணைப் பையன் போனிலும் உங்க போனிலும் பதிஞ்சு தரணும். பெட்டி கட்டியாச்சுன்னா இன்னைக்கு ராத்திரி இன்னொரு தடவை திறந்து பாருங்க.